பெரிலின் புல்லும் சேர்மனின் கம்பளமும்

ஸ்கெல்பி டவுன் கால்பந்துக் கழகத்தில் மைதானத்தைப் பார்த்துக்கொள்வது ஒரு பெண் என்று கேட்டதும் வெளியூர்க்காரர்கள் முதலில் சிரிப்பார்கள். அவள் எதிரே வந்து நின்றதும் வாயை மூடிக்கொள்வார்கள். பெரில் ஹெப்வொர்த் அப்படி. ஐந்தடி உயரம், அறுபத்தொரு வயது, வருஷம் முழுக்க ஒரே பச்சை மழைக்கோட்டு. கார்னர் கொடிக்குப் பக்கத்தில் சிகரெட் துண்டைப் போட்ட எதிரணிப் பயிற்சியாளர் ஒருவரை, அதைப் பொறுக்கித் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொள்ள வைத்தவள்.

நான் நெவில். முப்பத்தொரு வருஷம் ஊர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். வீட்டில் உட்கார்ந்தால் டிவியோடு சண்டை போடுகிறேன் என்று மகள் துரத்திவிட்டதால், ஆறு சீசன்களாகப் பெரிலுக்கு எடுபிடி. சம்பளம் கிடையாது, டீ உண்டு. கோடு போடும் வண்டியைத் தள்ளுவது, கோல் வலையைக் கட்டுவது, அவளிடம் திட்டு வாங்குவது, இவ்வளவுதான் என் வேலை.

இங்கே வருவதற்கு முன்னால் பெரில் பத்தொன்பது வருஷம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டினாள். எந்த வேலை பிடிக்கும் என்று ஒரு தடவை கேட்டேன்.

"கல்லறைதான். அங்க இருக்கறவங்க யாரும் குறை சொன்னதில்ல. இங்க இருபத்திரெண்டு பேரு ஓடி ஓடி மிதிச்சுட்டு, தோத்ததும் புல்லு சரியில்லங்கறானுங்க" என்றாள்.

அந்த சீசனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நாங்கள் நாலாம் டிவிஷன். ஆகஸ்டில் ஆரம்பித்து மே மாதம் வரை நாற்பத்தாறு ஆட்டம். கடைசி இரண்டு இடத்தில் முடிப்பவர்கள் ஐந்தாம் டிவிஷனுக்கு இறங்கவேண்டும். ஸ்கெல்பி அறுபது வருஷமாக இறங்கியதில்லை. பெரிய பெருமை ஒன்றும் இல்லை, மேலே ஏறியதும் இல்லை.

நவம்பரில் பிடித்த மழை விடவே இல்லை. கால்வாய்க்குப் பக்கத்து மைதானம், கீழே களிமண். மூன்று ஆட்டம் தள்ளிப்போயிற்று. ஜனவரியில் உறைபனி. விடியற்காலை போய் இரண்டு பேருமாகப் படுதாவை இழுத்து மூடுவோம், மத்தியானம் திறப்போம், மறுபடி மூடுவோம். அவள் விரல்கள் வெடித்து ரத்தம் வரும். ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. பிப்ரவரியில் மற்ற மைதானமெல்லாம் கஞ்சி மாதிரிக் கிடந்தபோது, எங்கள் புல் மட்டும் நின்றது. அணிதான் நிற்கவில்லை. வரிசையாக ஏழு தோல்வி. பழைய மேனேஜரைத் துரத்திவிட்டு டெஸ் ஹாலிகனைக் கொண்டுவந்தார்கள். மேல் டிவிஷன்களில் ஆடிய ஆள், பளபளக்கும் ஷூ, எதற்கெடுத்தாலும் தந்திரம் தந்திரம் என்பார்.

சேர்மன் ரெக்ஸ் பாம்ஃபோர்த் ஊரில் தரைக்கம்பளக் கடை வைத்திருப்பவர். நல்லவர் இல்லை என்று சொல்லமாட்டேன், எதைப் பார்த்தாலும் அவருக்குக் கம்பளம் விரிக்கத் தோன்றும். நாலாம் டிவிஷனில் அசல் புல்தான் இருக்கவேண்டும், பிளாஸ்டிக் புல்லுக்கு அனுமதி இல்லை. ஐந்தாவதில் உண்டு. மார்ச்சில் ஒரு நாள் பெரிலைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஒருவேளை இறங்கிட்டோம்னு வெச்சுக்கோ பெரில், அதுலயும் ஒரு நல்லது இருக்கு. பிளாஸ்டிக் போட்டுடலாம். மழை, பனி எந்தக் கவலையும் இல்ல. வாரம் பூரா வாடகைக்கு விடலாம்."

"அப்ப நான்?"

"கம்பளத்துக்குத் தோட்டக்காரி எதுக்கும்மா? ஒரு மெஷின் போதுமே."

பெரில் அவரையே பார்த்தாள். "அப்ப நாம இறங்கமாட்டோம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். அன்று எங்கள் கருவிக் கொட்டகையில் டீ போட்டவள் தூள் போட மறந்துவிட்டு, வெறும் வெந்நீரை என்னிடம் நீட்டினாள். அவளுக்குப் புருஷன் கிடையாது, பிள்ளை கிடையாது. அந்தப் புல்தான்.

கடைசி ஆட்டம் சனிக்கிழமை, எங்கள் மைதானத்தில், சவுத்மியர் அணியோடு. நாங்கள் கீழிருந்து மூன்றாவது. டிரா செய்தால் போதும், தப்பிவிடுவோம். சவுத்மியர் தரையோடு தரையாகப் பந்தைத் தட்டித் தட்டி ஆடும் அணி. வியாழக்கிழமை டெஸ் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்.

"இங்க பாரும்மா. செகண்ட் ஹாஃப்ல அவனுங்க கால்வாய் முனையைப் பாத்துத்தான் வருவானுங்க. அந்தக் கோல் முன்னாடி நல்லாத் தண்ணி விட்டு ஊற வெச்சுடு. பந்து உருளவே கூடாது. பூஜ்யத்துக்குப் பூஜ்யம், வேலை முடிஞ்சுது."

எங்கள் ஊர் வழக்கம் அது. மைதானத்துக்கு ஒரு பக்கம் கால்வாய் முனை, மறுபக்கம் ஆலை முனை. தொண்டை கிழியக் கத்துகிறவர்கள் எல்லாரும் நிற்பது ஆலை முனையில். அதனால் இரண்டாம் பாதியில் நாங்கள் எப்போதும் ஆலை முனையைப் பார்த்து ஆடுவோம். எதிராளி கால்வாய் முனையைப் பார்த்து ஆடவேண்டும்.

"முடியாது" என்றாள் பெரில்.

"உன் வேலைக்காகத்தான் சொல்றேன்."

"என் வேலை புல்லை நல்லா வெச்சுக்கறது. கெடுக்கறதுக்கு வேற ஆளைப் பாரு தம்பி."

அவர் வேறு ஆளைப் பார்த்தார். அந்த ஆள் நான்தான்.

வெள்ளிக்கிழமை மாலை பெரில் சீக்கிரமே தங்கை வீட்டுக்கு மீனும் சிப்ஸும் சாப்பிடப் போய்விடுவாள். டெஸ் டீக்கடையருகே என்னை ஓரங்கட்டினார். "நெவில், நீங்க ஸ்கெல்பிக்காரர்தானே? நாளைக்குத் தோத்தா கம்பளம் வரும், பெரில் வீட்டுக்குப் போகணும். அவ பிடிவாதக்காரி. அவளைக் காப்பாத்தணும்னா நீங்கதான் செய்யணும். ஒரு மணி நேரம் தண்ணி விட்டாப் போதும்" என்றார். குழாய்ச் சாவி இரண்டே பேரிடம்தான் உண்டு, அவளிடமும் என்னிடமும். அவளுக்காக என்று நான் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உண்மையில், மேல் டிவிஷனில் ஆடிய ஒருவர் என் தோளில் கை போட்டுப் பேசியதும் எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. குழாயைத் திறந்துவிட்டு, ஒரு பீர் குடிக்கலாம் என்று கிளப்பில் உட்கார்ந்தேன். யாரோ பேச்சுக் கொடுத்தார்கள். எழுந்து வந்து மூடும்போது இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் போனேன். கால்வாய் முனையில் கோலுக்கு முன்னால் குளம். அதன் நடுவில் பெரில், மண்ணில் ஓட்டை போடும் நாலு பல் குத்துகோலோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீயா?"

"நான்தான். உனக்காகத்தான் பெரில்..."

"எனக்காகன்னு மட்டும் சொல்லாத. அந்த வார்த்தையைக் கேட்டா இந்தக் குத்துகோல் உன் கால்லதான் இறங்கும். மணலை எடுத்துட்டு வா."

ஆறிலிருந்து பத்து வரை இரண்டு பேரும் நிமிரவே இல்லை. அவள் குத்துவாள், ஆட்டுவாள், பிடுங்குவாள். தண்ணீர் அந்த ஓட்டையில் கொப்புளித்து இறங்கும். நான் பின்னாலேயே மணல் தூவினேன். குளம் வற்றிச் சேறாயிற்று, சேறு இறுகத் தொடங்கியது. இடது கம்பத்திலிருந்து முக்கால்வாசி தூரம் வந்திருப்போம். அப்போதுதான் டெஸ் சேர்மனையும் அழைத்துக்கொண்டு வந்தார்.

"நிறுத்தும்மா. அப்படியே இருக்கட்டும்" என்றார் டெஸ்.

"நீ உன் பசங்களுக்குப் பந்தை எப்படி உதைக்கறதுன்னு சொல்லிக்குடு. ஏழு தடவை தோத்திருக்கானுங்க, அவசரம் அங்கதான்."

"பெரில், மேனேஜர் சொல்றதைக் கேளு" என்றார் சேர்மன்.

"கேக்கலேன்னா?"

சேர்மன் மைதானப் பாதுகாவலர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டார். அவர்களில் ஒருவன் பெரிலின் பக்கத்து வீட்டுக்காரன், அவள் முகத்தைப் பார்க்கமுடியாமல் தலையைக் குனிந்துகொண்டே வந்தான். "அத்தை, பேசாம வந்துருங்க, என்னைத் தொட வைக்காதீங்க" என்றான் பாவம். அவனுக்காகத்தான் அவள் குத்துகோலைக் கொடுத்தாள். சேர்மன் அதைக் கொட்டகைக்குள் போட்டுப் பூட்டிச் சாவியைக் கோட்டில் போட்டுக்கொண்டார். வலது கம்பத்துக்கு முன்னால் ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர் அப்படியே நின்றது.

ஒரு மணிக்கு ரெஃப்ரி வந்து பந்தை அங்கங்கே போட்டுப் பார்த்தார். அந்த இடத்தில் பந்து தொப்பென்று விழுந்து அப்படியே கிடந்தது. உதட்டைப் பிதுக்கினார். கடைசி நாள், எல்லா மைதானத்திலும் ஒரே நேரத்தில் ஆட்டம் நடந்தாகவேண்டும். ஆடலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று மணிக்குப் பூவா தலையா போட்டார்கள்; ஜெயிக்கிற கேப்டன் எந்தப் பக்கம் என்று கேட்டு வாங்கலாம். அப்படி ஒன்று இருப்பதையே டெஸ்ஸும் மறந்துவிட்டார், நானும் மறந்துவிட்டேன். நான் பார்த்த ஆறு சீசனில் எந்த வெளியூர்க் கேப்டனும் பக்கத்தை மாற்றிக் கேட்டதில்லை. சவுத்மியர் கேப்டனுக்குக் கண் இருந்தது. வார்ம்-அப்பின்போதே அந்தச் சேற்றில் கால் வைத்துப் பார்த்திருக்கிறான். ஜெயித்ததும் பக்கத்தை மாற்றச் சொல்லிக் கையைச் சுற்றிக் காட்டினான். முதல் பாதியில் அவர்கள் கால்வாய் முனையைப் பார்த்து ஆடுவார்கள். இரண்டாம் பாதியில் அந்தச் சேற்றைப் பார்த்து நாங்கள் ஆடவேண்டும்.

ஆலை முனை முழுக்க ஒரே ஊளை. என் பக்கத்தில் நின்ற பெரில் மூக்கால் சிரித்தாள்.

முதல் பாதி பூஜ்யத்துக்குப் பூஜ்யம். இடைவேளை விசில் ஊதியதும் டெஸ் ஓடிவந்தார், ஒரு கையில் கொட்டகைச் சாவி, இன்னொரு கையில் மணல் வாளி. பளபளக்கும் ஷூவெல்லாம் சேறு.

"சீக்கிரம்மா, சீக்கிரம்! அந்த வலது பக்கம்!"

"எதுக்குத் தம்பி? அப்படியே இருக்கட்டும்னியே."

"அம்மா, ப்ளீஸ்."

அவள் ஏற்கெனவே சாவியைப் பிடுங்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடிக்கொண்டிருந்தாள். பதினைந்து நிமிஷம். அறுபத்தொரு வயதுக்காரி அப்படி வேலை செய்து நான் பார்த்ததில்லை. ஆலை முனையிலிருந்து ஆயிரம் பேர் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். காலையில் நான்கு மணி நேரத்திலும் முடியாத வேலையைப் பதினைந்து நிமிஷத்தில் யார் முடிக்கமுடியும்? ரெஃப்ரி வந்து தோளைத் தொட்டுப் போகச் சொன்னபோது, கம்பத்துக்கு முன்னால் இன்னும் ஒரு தாம்பாளம் அளவு சேறு மிச்சம் இருந்தது. அவள் வெளியே நடக்கும்போதும் திரும்பித் திரும்பி அதையே பார்த்தாள்.

அறுபத்திரண்டாம் நிமிஷம் சவுத்மியர் கோல் அடித்தது. ஆலை முனையில், பெரில் வளர்த்த அருமையான புல்லில், ஐந்து தட்டுத் தட்டி அழகாக அடித்தார்கள். பட்டியலில் எங்களுக்கு அடுத்துக் கீழே இருந்த அணி தன் ஆட்டத்தில் ஜெயித்துக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது. இனி எங்களுக்கு ஒரு கோல் வேண்டும்.

எண்பத்தொன்பதாவது நிமிஷம் எங்கள் குவாமே அட்டா நீளப் பந்து ஒன்றைப் பிடித்து, முன்னே ஓடிவந்த கோலியைச் சுற்றிக்கொண்டு போய், காலியான கோலைப் பார்த்துத் தட்டிவிட்டான். பந்து உருண்டது. பெரில் குத்திய இடத்தில் எல்லாம் ஒழுங்காக உருண்டது. கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது அந்தத் தாம்பாளத்தில் போய் நின்றது. அப்படியே நின்றது. ஓடிவந்த எதிராளி ஒருவன் அதை எட்டி உதைத்துக் கால்வாய்க்குள் அனுப்பினான்.

இறங்கிவிட்டோம். சுற்றி எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை, உடம்பெல்லாம் வெட்கம்தான்.

ஞாயிறு காலை கிளப் கூடத்தில் ரசிகர்கள் கூட்டம். சேர்மனும் டெஸ்ஸும் மேடையில். முந்தின நாளே டெஸ் ரேடியோவில் மைதானம்தான் எங்களைக் கைவிட்டது என்று சொல்லியிருந்தார். சேர்மன் மைக்கைப் பிடித்தார்.

"வருத்தமாத்தான் இருக்கு. ஆனா எல்லாரும் பாத்தீங்க, அந்தச் சேறு இல்லேன்னா அது கோல். புல்லை நம்பினது போதும். ஜூன்ல கம்பளம் போடறோம்."

கூட்டம் பெரிலைத் திரும்பிப் பார்த்தது. பின்னால் யாரோ, "கல்லறைக்கே போயிரும்மா!" என்று கத்தினான். அவள் மூன்றாவது வரிசையில் பச்சைக் கோட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு விரலை நீட்டி என்னைக் காட்டியிருந்தால் போதும். காட்டவில்லை. அவள் காட்டாததுதான் என்னால் தாங்கமுடியவில்லை. எழுந்தேன்.

"தண்ணியைத் திறந்தது நான். திறக்கச் சொன்னது அதோ, டெஸ். பெரில் முடியாதுன்னு சொல்லிட்டா. காலையில ஆறு மணியிலேர்ந்து அதை வடிச்சிட்டு இருந்தவளைப் பிடிச்சு வெளிய தள்ளிக் கொட்டகையைப் பூட்டினது சேர்மன். அவளை விட்டிருந்தா அந்தப் பந்து உள்ள போயிருக்கும்."

கூரை பறந்துவிடும் போலச் சத்தம். "உன்னாலதான் இறங்கினோமா கிழவா?" என்று ஒருவன் என் முகத்துக்கு நேரே வந்தான். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? என் பஸ்ஸில் முப்பது வருஷம் ஏறியவர்கள் எல்லாம் என்னைத் திட்டினார்கள். அப்போது பெரில் எழுந்தாள்.

"அவனை விடுங்க. அவன் என் ஆளு. அவனை நான் சாகிற வரைக்கும் திட்டப்போறேன், உங்க உதவி வேண்டாம்." பிறகு மேடையைப் பார்த்தாள். "சேர்மன், நீங்க கம்பளம் கொண்டாங்க. மண்ணைப் பேர்க்க மெஷின் கொண்டாங்க. நான் சென்டர் வட்டத்துல நாற்காலி போட்டு உக்காந்திருப்பேன். என்னைச் சுத்தி விரிச்சுக்கோங்க."

"உன்னை வேலையை விட்டே எடுத்தாச்சு பெரில்" என்றார் சேர்மன்.

"ரொம்ப நல்லது. இனி நீங்க சொல்றதை நான் கேக்கவேண்டியதில்ல. நாளைக்குக் காலையில விதை போடறேன்."

என் முகத்துக்கு நேரே வந்தவன் இருக்கிறானே, அவன்தான் முதலில் கையைத் தூக்கினான். "நானும் ஒரு நாற்காலி கொண்டாறேன்" என்றான். பிறகு அவன் மனைவி. பிறகு கல்லறைக்குப் போ என்று கத்தியவனும். ஆலை முனையில் நிற்கும் ஒரு பெண், "உங்க கடையில இனி ஒரு கால்மிதிகூட வாங்கமாட்டோம் சேர்மன்!" என்றாள். கூடமே சிரித்தது. சேர்மனைத் தவிர. டெஸ் எப்போது பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனார் என்று யாரும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை நூற்றுநாற்பது பேர் வந்தார்கள். வாசல் பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பாதுகாவலன் சாவியோடு வந்து, "அத்தை, நான் எதையும் பாக்கல" என்று சொல்லித் திறந்துவிட்டுப் போனான். கால்வாய் முனைக் கோலுக்கு முன்னால் மட்டும் பெரில் யாரையும் விடவில்லை. "இது நெவிலோட வேலை" என்றாள். முழங்காலில் உட்கார்ந்து, அந்த மண்ணை நான் ஒருவனாகக் கொத்தி, சலித்து, விதைத்தேன். அவள் பின்னால் நின்று திட்டிக்கொண்டே இருந்தாள்.

ஜூனில் கம்பளக்காரர்கள் அளவெடுக்க வந்தபோது சென்டர் வட்டத்தில் எண்பது நாற்காலி இருந்தது. எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவர்கள் டேப்பை நீட்டிப் பார்த்துவிட்டு, சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு வருஷம் பார்க்கலாம் என்று சேர்மன் பத்திரிகைக்குச் சொன்னார். பெரிலை மறுபடி வேலைக்கு எடுத்ததாக அவர் சொல்லவே இல்லை. வேலையை விட்டுப் போனதாக அவளும் நினைக்கவில்லை.

ஆகஸ்டில் ஐந்தாம் டிவிஷனில் எங்கள் முதல் ஆட்டம். மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். புல் பிரமாதமாக இருந்தது.